எட்டாவது கிலோமீட்டரில் ஒரு சுண்டுவிரல்

அத்தியாயம் 14

போன வாரம் பல் லேபின் தரையில் உருண்டு ஓடிய அந்தக் கீழ்வரிசைப் பல் செட்டு, கடைசியில் அலமாரிக்கு அடியில் அகப்பட்டது. நல்ல வேளை, ஒரே ஒரு பல்லில்தான் விரிசல். ஒரு வாரமாக அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் இப்போது நிம்மதியாக மூச்சு விடலாம்.

ஆனால் அதைக் கீழே போட்டவளுக்கு நிம்மதி இல்லை.

சக்கரம் என்பது அவளுக்கு நாத்தனார் சூட்டிய பெயர். நாற்பத்து நான்கு வயதில் திடீரென்று சைக்கிள் பித்துப் பிடித்து, லீவு நாள் என்றால் விடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாளே, அதற்காகக் கேலியாக வைத்தது. வீட்டில் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்குப் பிழைப்பு செயற்கைப் பல் கட்டுவது. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, நூலிழை வித்தியாசத்தையும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அந்த விரல்களில்தான் இப்போது கோளாறு. நெடுந்தூரம் ஓட்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முன்பெல்லாம் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வந்த மரப்பு, இப்போது எட்டாவது கிலோமீட்டரிலேயே ஆஜராகிவிடுகிறது. மறுநாள் வேலையிலும் விட்டபாடில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவள் கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அவருக்கு வீட்டில் பெயர் மில்லி. வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம், இது மில்லிமீட்டர். கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி எல்லாம் செய்து பொருத்துகிற தச்சர். காதில் பென்சில், இடுப்பில் டேப் இல்லாமல் கல்யாண போட்டோவில்தான் அவரைப் பார்க்கலாம்.

"சனிக்கிழமை ஒரு நாள் தர்றேன். கை மரத்துப்போகாத சைக்கிள் கிடைச்சா, முந்நூறு கிலோமீட்டர் என்ன, மூவாயிரம் ஓட்டு. கிடைக்கலேன்னா ஓட்ட நம்பரைத் திருப்பிக் குடுத்துட்டு, இருக்கிற சைக்கிளைச் சுவத்துல மாட்டிடலாம். உனக்குச் சோறு போடுற கை அது. சரியா?"

"சரிங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அடுத்த வார ஞாயிறு அந்த முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம், நம்பர்கூட வாங்கியாகிவிட்டது. ஆறு மாதமாக அதற்காகத் தயாரானவள். வாரம் முழுக்க யார் யாருடைய வாயின் அச்சையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அவளிடம் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

ஆக, இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் சைக்கிள் கடை வாசலில் நின்றார்கள்.

மூன்றாவது ஆள் நாத்தனார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள், சாப்பாடு மட்டும் கீழே. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைப் பதினைந்து வருடமாக மிதித்து மிதித்து, இப்போது சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சனிக்கிழமைதான் அவளுக்கு வகுப்புகள் அதிகம். இன்றைக்குப் பார்த்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உனக்கு எதுக்குடி இந்த அலைச்சல்?" என்று சக்கரம் கேட்டாள்.

"நீங்க விழுந்தா தூக்கறதுக்கு ஆள் வேணாமா அண்ணி? அண்ணன் முதல்ல எத்தனை மில்லி தள்ளி விழுந்தீங்கன்னுதான் அளப்பாரு."

மில்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, கடைக்காரம்மாவின் மேஜையில் வைத்தார். அதில் பென்சிலால் ஒரு சைக்கிள் படம், ஐந்து அளவுகள். சீட்டின் உயரம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள தூரம், ஹேண்டில் சீட்டைவிட எவ்வளவு தாழ்வு, இன்னும் இரண்டு.

"இவ இப்ப ஓட்டுற வண்டியோட அளவு. நேத்து சாயங்காலம் பூரா உக்காந்து எடுத்தேன். ரெண்டு வருஷமா உடம்பு பழகின அளவு இது. எந்த வண்டி குடுத்தாலும் இதுல வெச்சுக் குடுங்க. அப்பத்தான் எது நல்ல வண்டின்னு சரியா தெரியும்."

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. சக்கரத்துக்கும் பெருமையாக இருந்தது. எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சைக்கிளை அப்படி உட்கார்ந்து அளக்கிறார்?

கடைக்காரம்மா பிளைவுட்டைப் பார்த்தாள், சக்கரத்தைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மில்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். எல்லாரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் அந்த மனிதர், சாம்பல் நிற வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது நெடுந்தூரத்துக்குன்னே செஞ்சது மேடம். ரேஸ் வண்டி மாதிரி ஆளை மடக்கிப் போடாது. டயரும் கொஞ்சம் அகலம், ரோட்டோட அதிர்வு கைக்கு வராது. ஆனா சார் சொல்ற அளவுக்குக் கொண்டு வரணும்னா, ஹேண்டிலைத் தாங்குற இந்தக் கழுத்தை நீளமா மாத்தணும், அடியில இருக்கிற வளையங்களை எல்லாம் எடுத்துட்டுக் கீழே இறக்கணும்."

"இறக்குங்க" என்றார் மில்லி.

இறக்கினார்கள். மில்லி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மில்லி" என்றார். மறுபடி இறக்கினார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு பாதை இருந்தது. கடையிலிருந்து கிடங்குகள் வழியாக ரயில்வே மேம்பாலம், அதில் ஏறி இறங்கினால் கால்வாய்க் கரையோரமாகக் கான்கிரீட் சாலை. எட்டாவது கிலோமீட்டரில் ஒரு பம்பு வீடு. அதைச் சுற்றிக்கொண்டு மறுகரைக் குறுக்குவழியாகத் திரும்பினால் மொத்தம் பதினான்கு கிலோமீட்டர்.

சக்கரம் ஏறி மிதித்தாள். கிடங்குகளைத் தாண்டுவதற்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன வண்டி! மேம்பால ஏற்றத்தில் பழைய வண்டி முக்கி முனகும். இது ஒரு மிதிக்கு இரண்டு மிதி தூரம் போனது. இறக்கத்தில் காற்று காதில் இரைந்தது. கான்கிரீட் சாலையின் வெட்டுகள் டயருக்கு அடியில் சத்தமில்லாமல் அமுங்கிப் போயின. இதுதான், இதேதான், வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று மனசு கும்மாளம் போட்டது.

பம்பு வீடு தெரிந்தது. இடது சுண்டுவிரலில் சின்னதாக ஒரு குறுகுறுப்பு.

"வேண்டாம்" என்று விரலிடம் வாய்விட்டே கெஞ்சினாள். "இன்னிக்கு மட்டும் வேண்டாம்."

விரல் கேட்கவில்லை. கடைக்குத் திரும்பியபோது இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

"என்ன ஆச்சு?" என்றார் மில்லி.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது. உடனே டேப்பை எடுத்து வண்டியை மறுபடி அளந்தார். "அளவுல தப்பில்லையே. அப்ப வண்டிதான் சரியில்ல. அடுத்ததைக் கொண்டாங்க."

அடுத்தது நீல வண்டி. அதன் சீட்டு இன்னும் மெத்து. மறுபடி கழுத்து மாற்றம், மறுபடி டேப், மறுபடி மேம்பாலம். இந்த முறை கையுறையை மாற்றிப் பார்த்தாள், முழங்கையைத் தளர்த்திப் பார்த்தாள், ஹேண்டிலைப் பத்து இடத்தில் பிடித்துப் பார்த்தாள். பம்பு வீட்டுக்கு நூறு அடி முன்னால், சொல்லி வைத்த மாதிரி அதே குறுகுறுப்பு.

திரும்பி வந்து கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்தவள், கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டும் புது வண்டி. இரண்டும் நல்ல வண்டி. அப்படியும் வருகிறதென்றால் கோளாறு தன் கையில்தான். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

"சார்" என்று ஸ்பேனர் மெல்ல இழுத்தார், "மூணாவது வண்டியை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி..."

"ஒரு மில்லி மாறக் கூடாது" என்றார் மில்லி. "மாத்திட்டு ஓட்டினா எதனால சரியாச்சு, எதனால தப்பாச்சுன்னு எப்படித் தெரியும்?"

மூன்றாவது வண்டிக்குத் தேவையான நீளக் கழுத்து பின்கட்டு ஸ்டோரில்தான் இருக்கிறதாம். சரியான நீளம்தானா என்று பார்க்க மில்லியும் ஸ்பேனரோடு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் சக்கரத்தின் கண்ணில் அது பட்டது. கடைசிச் சுவரோரம் ஒரு கரும்பச்சை வண்டி. சாம்பல் வண்டியின் அதே ரகம், நிறம்தான் வேறு. ஹேண்டிலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"அது என்னங்க?"

கடைக்காரம்மா திணறினாள். "அது வந்து... டெஸ்டுக்கு இல்ல மேடம்."

"அது வேணாம் அண்ணி" என்று நாத்தனார் குறுக்கே விழுந்தாள். "பச்சை உங்களுக்கு எடுக்காது."

"நான் என்ன பொண்ணு பார்க்கவா போறேன்? ரெண்டு தடவை போய்த் தோத்துட்டு வந்திருக்கேன். மூணாவது வண்டிக்கும் இதே கதிதான்னு தெரியுது. சாயங்காலம் நம்பரைத் திருப்பிக் குடுத்துடப் போறேன். கடைசியா ஒரு ரவுண்டு, அளவு கிளவு ஒண்ணும் பார்க்காம, ஆசைக்குப் போயிட்டு வந்துடறேன். விடேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அவள் மறைக்கவும் முயலவில்லை.

கடைக்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. பிறகு, "குடுங்க. போயிட்டு வரட்டும்" என்றாள். கடைக்காரம்மா அந்த அட்டையை அவிழ்த்து டிராயரில் போட்டுவிட்டு வண்டியைக் கொடுத்தாள்.

கடைக்காரம்மா எதற்காக நாத்தனாரின் அனுமதிக்குக் காத்திருந்தாள் என்று சக்கரம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததுமே யோசனை எல்லாம் பறந்துவிட்டது.

முதலில் ஏதோ தப்பு மாதிரிதான் இருந்தது. ஹேண்டில் ரொம்பக் கிட்டே இருந்தது, ரொம்ப மேலே இருந்தது. எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மேஜையில் பல் கட்டும்போது எப்படி உட்காருவாளோ அப்படி, முழங்கை தளர்ந்து, தோள் இறங்கி, கை சும்மா ஹேண்டிலில் கிடந்தது. இரண்டு வருடமாக உடம்பின் பாரத்தை உள்ளங்கையால் தாங்கியவளுக்கு, அந்தப் பாரம் எங்கே போயிற்று என்றே புரியவில்லை.

மேம்பாலத்தில் ஏறினாள். மேலே போனதும் கழுத்து தானாக நிமிர்ந்தது. கால்வாய், அக்கரையில் காயப்போட்ட துணிகள், ரயில் பெட்டிகளின் நீண்ட வரிசை எல்லாம் தெரிந்தன. இந்த மேம்பாலத்திலிருந்து இவ்வளவு தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. இத்தனை நாளும் முன் டயரைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள்.

ஆறாவது கிலோமீட்டர். ஏழு. பம்பு வீடு வந்தது.

சுண்டுவிரலை மடக்கினாள். மடங்கியது. நீட்டினாள். நீண்டது. கட்டைவிரலால் அதன் நுனியைத் தொட்டாள். தொட்டது தெரிந்தது!

"இருக்கு!" என்று கத்தினாள். பம்பு வீட்டு வாட்ச்மேன் எதையோ தொலைத்தவளோ என்று எட்டிப் பார்த்தார். "விரல் இருக்குங்க!" என்று அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒரு சுற்று போதுமா? எப்படிப் போதும்? கடை இருக்கும் தெருமுனை வரை வந்தவள், அப்படியே ஒடித்துத் திருப்பிக்கொண்டு இரண்டாவது தடவை போனாள். வேண்டுமென்றே குழி விழுந்த பக்கமாகவே ஓட்டினாள். எழுந்து நின்று மிதித்தாள், குனிந்து மிதித்தாள், இறக்கத்தில் சின்னப் பெண் போலக் கூவினாள். இருபத்தெட்டு கிலோமீட்டர். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

கடை வாசலில் மில்லி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "எங்கே போய்த் தொலைஞ்சே? நான் பயந்தே போயிட்டேன். போன் கூட எடுக்காம..."

அவள் ஸ்பேனரின் தட்டில் கிடந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றைச் சுண்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பொறுக்கி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "இதுல ஒரு ஓரம் தேஞ்சிருக்கு" என்றாள்.

ஸ்பேனர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆமா மேடம், தேஞ்சிருக்கு!"

மில்லி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கடை என்றும் பார்க்காமல். "நெஜமாவா? கொஞ்சம்கூட இல்லையா?"

"கொஞ்சம்கூட இல்லைங்க. ரெண்டு ரவுண்டு!"

அப்புறம் அவர் செய்ததைச் சொல்லவா வேண்டும்? டேப்பை எடுத்தார். சீட்டின் உயரம் பிளைவுட்டில் இருந்ததற்குச் சரியாக ஒத்துப்போனது. ஹேண்டிலோ நாற்பது மில்லி கிட்டே, நாற்பத்தைந்து மில்லி மேலே. இரண்டு தடவை அளந்தார். பிறகு டேப் சர்ரென்று உள்ளே ஓடும்படி விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் பழைய வண்டி யாரோடது, சொல்லு?"

"எங்க அண்ணனோடது. மாற்றலாகிப் போறப்ப விட்டுட்டுப் போனது."

"உங்க அண்ணன் எவ்வளவு உயரம்?"

"ஆறடி."

"சீட்டை மட்டும் உனக்காக இறக்கிட்டோம். மத்ததெல்லாம் அவர் உடம்பு." மில்லி தலையில் கை வைத்துக்கொண்டார். "போன மாசம்தான் பட்டறையில ஒருத்தனைக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சினேன். ஏன்டா பழைய கதவை அளந்து புதுக் கதவு செஞ்சே, பழசே சரியில்லேன்னுதானே மாத்துறாங்க, நிலையைப் போய் அளடான்னு. இப்ப நானே அதைத்தான் பண்ணியிருக்கேன். சைக்கிளை ராத்திரி வரைக்கும் அளந்தேன். பொண்டாட்டியை அளக்கலை."

"காலையிலேயே சொல்ல வந்தோம் சார், நீங்க எங்க விட்டீங்க?" என்று ஸ்பேனர் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவரையும் மீறி வந்துவிட்டது. மில்லி அவரைவிடப் பெரிசாகச் சிரித்தார். பிளைவுட் துண்டை எடுத்து ஸ்பேனர் கையில் கொடுத்து, எதற்காவது முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"சரிம்மா" என்று கடைக்காரம்மா பக்கம் திரும்பினார். "இந்தப் பச்சையே இருக்கட்டும். இப்படியே எடுத்துக்கறோம், ஒரு திருகுகூடத் தொட வேணாம்."

கடைக்காரம்மா டிராயரிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க?"

"அது வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வெச்சது சார். அவங்க உடம்புக்குப் பார்த்துப் பார்த்து செட் பண்ணது. மூணு வாரமா வந்து ஓட்டிப் பார்த்து, நேத்துத்தான் சரின்னாங்க."

"அப்ப இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க."

"இந்த ரகத்துல மேடம் சைஸ் இது ஒண்ணுதான் இருக்கு. சாம்பல் வண்டி ஒரு சைஸ் பெருசு. சார் அளவுக்கு அதுதான் கிட்ட வந்துச்சு, அதான் குடுத்தோம். அடுத்த லோடு வர ரெண்டு மாசம் ஆகும்."

சக்கரம் பாய்ந்து பச்சை வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாளில் ஓட்டம். இவ்வளவு தூரம் வந்து, கையில் கிடைத்து, ஓட்டியும் பார்த்துவிட்டு... "யாருங்க அது? நான் பேசிப் பார்க்கறேன். கால்லகூட விழறேன். என் உயரத்துக்கு, என் கை நீளத்துக்கு, அச்சு அசலா என்னை மாதிரி இந்த ஊர்ல வேற யாரு?"

 ஸ்பேனர் தன் தட்டிலிருந்த வாஷர்களை எண்ண ஆரம்பித்தார்.

"நான்தான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

மில்லியின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"நீயா? நீ சைக்கிளா?"

"முதல் வகுப்பு ஏழு மணிக்கு. அதுக்கு முன்னாடி இங்க வந்து, இவங்க கடையைத் திறந்து வண்டியை எடுத்துக் குடுக்க, ஓட்டிட்டுப் போவேன். வண்டியில ஏறினா முதல்ல சீட்டைத் தன் உடம்புக்குச் சரி பண்ணணும்னு பதினஞ்சு வருஷமா ஊருக்கே சொல்லிக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?" அவள் சக்கரத்தின் முகத்தைப் பார்க்காமல் வேகவேகமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷமா உங்களைக் கேலி பண்ணிட்டு, இப்ப நானும் வரட்டுமான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அதான் சொல்லலை. அந்த முந்நூறு கிலோமீட்டருக்கு நானும் பேர் குடுத்துட்டேன். அங்க வந்து உங்க பக்கத்துல நின்னு, வாயைப் பிளக்க வைக்கணும்னு இருந்தேன்."

"நம்பர் எத்தனை?" என்றாள் சக்கரம். 

"அறுபத்திரண்டு. உங்களுக்கு அடுத்த நம்பர்."

சக்கரத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டு வருடமாகத் தனியாக ஓட்டிய சாலையில் பக்கத்தில் ஒரு ஆள்! அதுவும் இவள்! நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அதே நெஞ்சு இன்னொரு கணக்கையும் போட்டுவிட்டது. ஆள் இரண்டு. வண்டி ஒன்று.

நாத்தனாருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மெதுவாகக் கிட்டே வந்து, பச்சை வண்டியின் சீட்டில் கை வைத்தாள்.

"அண்ணி, ஒரு ரவுண்டுன்னு கேட்டீங்க, குடுத்தேன். ரெண்டு ரவுண்டு போனீங்க, ஒண்ணும் சொல்லலை. இப்பக் கையை எடுங்க."

மில்லி தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டேப்பால் அளந்து தீர்க்கிற விஷயமாக அவருக்கு இது படவில்லை.

சக்கரம் கையை எடுக்கவில்லை. பத்து விரலும் ஹேண்டிலை இறுகப் பிடித்திருந்தன. பத்தும் நன்றாகவே வேலை செய்தன.